ஆசீரின் பாட்டுப் பெட்டி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று காலை ஆசீரின் பாட்டுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து தொலைத்தேன். நாற்காலியில் துண்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது. பார்க்காமல் உட்கார்ந்தேன். பிஸ்கட் நொறுங்குகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பேண்ட் எல்லாம் இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு திரிகிறேன், ஆனாலும் ஒரு கண்ணாடியை உடைக்கிற கனம் மட்டும் இந்த உடம்பில் மிச்சம் இருந்திருக்கிறது.

சீட்டுக்கட்டு அளவுதான் சாமான். மேலே சின்னத் திரை, கீழே நாலு பொத்தான். திரையில் இப்போது மை கொட்டியது மாதிரி கறுப்பு, ஓரத்தில் பச்சையாக ஒரு கீற்று. பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். பாட்டு வந்தது. அவன் அம்மா ஹெப்சியின் குரல் ஹெட்போனில் சுத்தமாகக் கேட்டது. அப்பாடா என்று இருந்தது. பாட்டு இருக்கிறதே, திரை போனால் போகிறது என்று அவன் கையில் கொடுத்தேன்.

திரையைப் பார்த்தான். பொத்தானை அமுக்கினான், மறுபடியும் பார்த்தான். பிறகு வலது கையால் தன் கன்னத்திலேயே அறைய ஆரம்பித்தான். நான் பாளையங்கோட்டைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வேலை வாங்கிய பி.டி. வாத்தியார். என்னால் என் மகனின் ஒரு கையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. முப்பது வயது ஆண்பிள்ளையின் கை அது. கீழ் வீட்டு அம்மா மேலே ஏறி வந்து வாசலில் நின்றாள். ஆசீர் அவளைப் பார்த்து, “கலைந்து செல்!” என்றான். அவனுக்கு வரும் பேச்செல்லாம் நான் மைதானத்தில் கத்தியதுதான். அந்த அம்மா கலைந்து சென்றாள்.

இந்த எழவு இப்போதுதானா உடைய வேண்டும்? செப்டம்பர் ஒன்றாம் தேதி இவனை மாதிரிப் பிள்ளைகளை வைத்திருக்கிற வள்ளியூர்ப் பக்கத்து இல்லத்தில் அவனை ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். அமைதியாக இருந்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். தன்னைத்தானே அடித்துக்கொள்கிற பிள்ளைகளை எடுப்பதில்லையாம். நான் ஏறி இறங்கிய இடங்களில் இந்த வயதுக்காரனைச் சேர்க்க வாய் திறந்து சம்மதித்தது இது ஒன்றுதான். எனக்குப் பிறகு இவனுக்கு வேறு நாதி இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

புது ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். எறிந்தான். ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தேன். காதைப் பொத்திக்கொண்டான். ரசத்துச் சோறு இரண்டு வாய், அதோடு சரி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மார்க்கெட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற இசக்கிப்பாண்டியிடம் கொண்டுபோனேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்து விறைப்பாக நின்றான்.

“உக்காருல. நீ என்ன இன்னும் ஒம்பதாம் கிளாஸா?”

“உங்ககிட்ட வாங்குன அடியிலதான சார் இன்னைக்கு நேரத்துக்குக் கடை திறக்கேன்” என்று சிரித்தான். பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பாட்டைப் போட்டுக் கேட்டான். “பாட்டுதான் வருதே சார், அப்புறம் என்ன?”

“திரை வேணும்.”

“பாட்டு கேக்கதுக்கு திரை எதுக்கு சார்? இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே இப்பம் வாரதே இல்ல. பேசாம நல்ல போனா ஒண்ணு வாங்கி, பாட்டை அதுல ஏத்திருவோம்.”

என் போனில் வைத்துக் கொடுத்துப் பார்த்தாயிற்று என்றேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை ஆசீர், கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். இசக்கி தலையைச் சொறிந்துகொண்டு, சென்னையில் சொல்லிவைக்கிறேன், மதுரையிலும் ஒரு ஆள் இருக்கிறான் என்றான். “உங்களுக்காக எங்க இருந்தாலும் கொண்டாந்துருவேன் சார்.” குழைகிற பையன்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஆனால் இன்று அந்தக் குழைவு தேவையாக இருந்தது.

இந்தப் பெட்டியைப் பற்றி அவனுக்கு விளக்கமாகச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். ஹெப்சிபா எங்கள் சபைக் கோயில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடியவள். பாட்டின் ராகத்தை முன்வரிசைப் பெண்கள் பாடுவார்கள். அதற்குக் கீழே துணையாக ஓடுகிற இரண்டாம் குரல் இவளுடையது. அந்தக் குரலை மட்டும் தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்றே தெரியாது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு முக்கி முனகுவது மாதிரி இருக்கும். வீட்டில் சாதகம் பண்ணும்போது இந்தப் பெட்டியிலேயே பதிவு செய்வாள், தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். “நீ பாடுறது பாட்டா, பல்வலியா?” என்று நான் கேலி பண்ணுவேன். அவள் போன பிறகு அந்தப் பதிவுகளைத்தான் ஆசீர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதில் வேறு பாட்டுகளும் இருந்தன. ஒன்றைக்கூட முழுதாக வைத்திருக்க மாட்டான், தள்ளித் தள்ளி அம்மாவிடம் வந்து நிற்பான். ஆராதனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள், பிள்ளைக்கு எதுவும் தெரியாவிட்டாலும் தாயின் குரல் தெரிகிறது பாருங்கள் என்று. நானும் அதைக் கேட்டுக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வயிற்று விஷயமாக ஆஸ்பத்திரி. ஆசீரையும் இழுத்துக்கொண்டு போனேன், விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை.

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, “கூட யாரும் வரலையா?” என்றார். மகன் வெளியே இருக்கிறான் என்றேன். “உள்ளே கூப்பிடுங்க. பையன்கிட்ட பேசணும்.” கூப்பிட்டேன். ஆசீர் வந்து மேஜைக்கு முன்னால் நின்று, “அட்டேன்ஷன்!” என்று ஒரு போடு போட்டான். டாக்டர் அவன் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்னிடமே சொன்னார்.

ஒரு தாளில் இரைப்பையை வரைந்தார், அதற்குப் பின்னால் கணையத்தை வரைந்தார், அதில் ஒரு வட்டம் போட்டார். பேசப் பேச அந்த வட்டத்தின் மேலேயே பேனாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கேட்டது ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு மைத்துனி வீட்டுக்குப் போகலாமா என்று. அவர் பேனாவை மூடினார். “அதுக்கு எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே போயிட்டு வந்துருங்களேன்” என்றார். நல்ல மனுஷர்.

சாயங்காலம் மைத்துனி லீதியாள் போன் பண்ணினாள்.

“டாக்டர் என்ன சொன்னாரு அத்தான்?”

“அல்சராம். காரம் ஆகாதாம்.”

“நான் சொன்னேன்லா. ஊறுகாய் பாட்டிலும் கையுமா இருந்தா வேற என்ன வரும்? அக்கா இருந்தா விட்டிருப்பாளா?”

ஆசீரைப் பற்றி அவள் பேச்சை எடுக்குமுன் நானே இல்லத்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பெண்பிள்ளைகளும் படுத்த படுக்கையாய் ஒரு மாமியாரும் இருக்கிற வீட்டில் இவனை எங்கே வைப்பாள்?

ஆகஸ்ட் 13, புதன்

இன்று இடது கன்னம். வலதில் இனி இடமில்லை.

ஆகஸ்ட் 16, சனி

இல்லத்திலிருந்து சிஸ்டர் அமலோற்பவம் பேசினார். அவர்தான் அங்கே எல்லாம். நாங்கள் சீர்திருத்த சபைக்காரர்கள், அவர்கள் கத்தோலிக்கர்கள். ஹெப்சி இருந்தால் அரை மணி நேரம் யோசித்திருப்பாள். எனக்கு அந்த யோசனையெல்லாம் போய்விட்டது. சேர்த்துக்கொள்கிறேன் என்றால் சாத்தானின் இல்லத்துக்குக்கூட ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

“ஆசீர் எப்படி இருக்கான் சார்?”

“பாட்டு கேட்டுக்கிட்டு சமத்தா இருக்கான் சிஸ்டர்.”

சொல்லும்போதே உள்ளே அவன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். போனைக் கையால் பொத்திக்கொண்டு திண்டாடினேன்.

“பாட்டு கேக்கற பிள்ளைன்னா எங்களுக்குப் பிரச்சினையே இல்ல. மறக்காம அந்தப் பெட்டியையும் கொண்டாங்க, என்ன?”

சரி சிஸ்டர், சரி சிஸ்டர் என்று பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சென்னையிலிருந்து வந்த திரை பொருந்தவில்லை. உள்ளே மாட்டுகிற பட்டை அகலம் வேறாம். இசக்கி அதை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மல்லுக்கட்டியிருக்கிறான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த ஒரு பழைய பாட்டுப் பெட்டியை இழுப்பறையிலிருந்து எடுத்து ஆசீர் கையில் கொடுத்தான். “நாளைக்கு அந்த ஆளு வருவாரு சார். அதுவரைக்கும் தம்பி வச்சிருக்கட்டும்.”

அதில் ஹெப்சியின் குரல் ஏது? யாரோ ஒருவருடைய சினிமாப் பாட்டுகள். இவன் தூக்கி எறியப் போகிறான், ஊரான் சாமானுக்கு நான் பதில் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். ஆசீர் அதை இரண்டு கையாலும் வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தான். தோள் இறங்கியது. மூச்சு சீராக வந்தது. வழியெல்லாம் ஒரு சத்தம் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு தட்டு சோறு சாப்பிட்டான்.

நானும் சாப்பிட்டேன். வாந்தி வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

திருப்பிக் கொடுத்தாயிற்று. வாங்குவதற்குள் அவன் என் முழங்கையைக் கடித்துவிட்டான். கடைக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது.

இசக்கி மெதுவாகக் கேட்டான். “சார், தப்பா நினைக்காதீங்க. தம்பி ஹெட்போனைக் காதுலயே மாட்டலையே, பாத்தீங்களா? கழுத்துலதான் கெடந்துச்சு. நேத்தும் அப்படித்தான். அந்தப் பெட்டியைத்தான் பாத்துக்கிட்டே இருக்கான்.”

“உன் வேலையைப் பாருல” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? ஹெட்போன் நழுவியிருக்கும். காது புண்ணாக இருக்கும். இத்தனை நாள் கன்னத்தில் அடித்துக்கொண்ட பிள்ளைக்குக் காதில் எதையாவது திணிக்க முடியுமா? இதுகூட யோசிக்காத கோட்டிப்பயல்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கீழ் வீட்டு அம்மா ஆராதனை முடிகிற மட்டும் அவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தனியாகக் கோயிலுக்குப் போனேன். பாடகர் குழுவில் ஹெப்சிக்குப் பக்கத்தில் நின்று பாடிய பியூலா டீச்சர் வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“பெட்டி உடைஞ்சிட்டாமே சார். பாவம் பிள்ளை. அம்மா குரலைக் கேக்காம ஏங்கிப்போயிருப்பான்.”

“ஆமா டீச்சர்” என்றேன்.

வேறு என்ன சொல்வது? பெட்டி வீட்டில் இருந்த நாளெல்லாம் ஹெப்சியின் குரலை ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் உட்கார்ந்து கேட்டேன். நடுவில் ஒரு இடத்தில் இருமுகிறாள், “ஏங்க, பால் பொங்குது பாருங்க” என்கிறாள், மறுபடி பாடுகிறாள். பிறகு பெட்டியை இசக்கியிடமே கொடுத்துவிட்டேன், திரை கிடைத்தால் பொருத்திப் பார்க்கக் கையில் இருக்க வேண்டுமாம். உடம்பு சரியில்லாத பிள்ளையின் குணம் நாளுக்கு நாள் மாறும். இதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது.

ஆகஸ்ட் 28, வியாழன்

கிடைத்துவிட்டது.

இசக்கி போன் பண்ணினான், ஆசீரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்குத்தான். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். “மதுரையில ஒரு கடையில செத்துப்போன பெட்டி ஒண்ணு கெடந்துச்சு சார். இதே மாடல். அதுல உள்ள டிஸ்ப்ளேயைக் கழட்டிப் போட்டேன். பாருங்க.” திரை பளிச்சென்று எரிந்தது. பாட்டின் பெயர், நேரம், அதற்குக் கீழே மெல்ல நீளுகிற அந்த நீலக்கோடு. ஆசீர் வாங்கிக்கொண்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். இசக்கியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவன் வெட்கப்பட்டுக்கொண்டே நின்றான். “உங்களுக்குச் சொல்லாம இன்னொரு வேலையும் பாத்துட்டேன் சார்.”

“என்னது?”

“உள்ள மெமரி பூரா ஏதோ ரெக்கார்டிங்கா கெடந்துச்சு. போட்டுக் கேட்டேன். யாரோ ஒரு அம்மா, ராகமும் இல்லாம ஒண்ணும் இல்லாம, ஒரே இடத்தையே இழுத்துக்கிட்டு இருக்காவ. கை பட்டுத் தானா ரெக்கார்டு ஆயிருக்கும்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். அழிச்சுட்டு, உங்க வேதப் பாட்டா ஆயிரம் ஏத்திருக்கேன். எங்க தெருவுல சர்ச்சுக்குப் போற ஒரு வேதக்கார அக்கா இருக்காவ, அவங்ககிட்ட உக்காந்து பாத்துப் பாத்து எடுத்தது. எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க பாடுனது சார். உங்களுக்கு நான் வேற என்ன செஞ்சிருக்கேன்?”

என் கை தானாக ஓங்கியது. அவன் சிரித்துக்கொண்டே கன்னத்தைக் காட்டினான், பழைய விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. கையை இறக்கி அவன் தோளில் வைத்தேன்.

“அழிச்சதைத் திரும்ப எடுக்க முடியுமால?” என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

“அதுக்கு மேலயே ஆயிரம் பாட்டு ஏத்தியாச்சே சார். எடுக்க முடியாது. ஏன், வேண்டியதா?”

இல்லை என்றேன். நல்லா செஞ்சிருக்க என்றேன். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து ஆசீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழு ஆர்கெஸ்ட்ராவோடு யார் யாரோ பாடுகிறார்கள். இன்றாவது அவன் கோபப்படுவான், அம்மா எங்கே என்று தேடி அந்தப் பெட்டியைச் சுவரில் அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்தால் அடிக்கட்டும் என்றுகூட இருந்தது. அவன் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்துச் சிரித்தான். ஹெப்சியின் பாட்டு ஓடும்போது அவன் வைத்திருந்த அதே முகம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஹெப்சி, உன்னை அழித்துவிட்டார்கள். உன் மகனுக்குத் தெரியவே இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

கோபம் தீர்ந்த பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் நான் அந்தத் திரையை அவனோடு சேர்ந்து பார்த்ததில்லை. அவன் பாட்டு கேட்கிறான், நாம் பேப்பர் படிப்போம் என்றே இருந்திருக்கிறேன். இன்று பார்த்தேன்.

ஒரு பாட்டு தொடங்குகிறது. இடது ஓரத்திலிருந்து நீலக்கோடு கிளம்புகிறது. சின்னப் பாட்டானால் கோடு விறுவிறுவென்று ஓடிவிடும், அவனுக்கு அது ஆகாது, உடனே தள்ளிவிடுகிறான். பெரிய பாட்டானால் கோடு மெதுவாகப் போகும், அதை விடாமல் பார்க்கிறான். தள்ளிக்கொண்டே போனவன் ஒரு இடத்தில் நின்றான். காதை வைத்துக் கேட்டேன். பாட்டே இல்லை, யாரோ ஒரு போதகரின் பிரசங்கம். அந்த அக்கா அதையும் சேர்த்து ஏற்றிவிட்டிருக்கிறாள். தொண்டை கிழியக் கத்துகிறார் மனுஷர். ஆனால் கோடு நகர்வதே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆசீர் அசையாமல் உட்கார்ந்து, அது நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு சாந்தமாக அவனை நான் பார்த்ததில்லை.

ஹெப்சி தப்புத் தப்பாகப் பாடி முதலிலிருந்து தொடங்கித் தொடங்கிப் பதிவு செய்தது எல்லாமே நீளம். பெட்டியில் இருந்ததிலேயே நீளமானவை அவைதான். அதனால்தான் அவளிடம் வந்து நின்றிருக்கிறான். தாயின் குரலாவது, ஒன்றாவது. ஊரே சேர்ந்து கட்டிய கதை, நான்தான் அதற்குக் கொடி ஏற்றியவன்.

அழுகை வந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் வசதியாக அழுதேன்.

செப்டம்பர் 1, திங்கள்

வள்ளியூருக்குப் பஸ். பெட்டியை முழுக்க சார்ஜ் போட்டு எடுத்துப்போனேன். சிஸ்டர் அமலோற்பவம் கேட்டிலேயே நின்றார், குட்டையான ஆள், நல்ல கணீர்க் குரல். ஆசீர் அவரைப் பார்த்து, “ஸ்டாண்டட்டீஸ்” என்றான். அவர் காலை அகட்டி வைத்துக் கையைப் பின்னால் கட்டி நின்று காட்டினார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கட்டிலைக் காட்டினார்கள், ஜன்னலுக்குப் பக்கத்தில். ஆசீர் உட்கார்ந்து பாட்டுப் பெட்டியைப் போட்டுக்கொண்டான். ஆசீர், அப்பா கிளம்புறேன் என்றேன். கோடு பாதியில் இருந்தது. முடிகிற மட்டும் நின்றேன். முடிந்ததும் அடுத்ததைப் போட்டுக்கொண்டான்.

செப்டம்பர் 4, வியாழன்

மருந்து குடித்தேன். துணி துவைத்தேன். அவனுடைய சட்டைகளையும் பழக்கத்தில் நனைத்துவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஒரு நாள்கூட அடித்துக்கொள்ளவில்லையாம், கடிக்கவில்லையாம். தட்டைக் கழுவி வைக்கிறானாம். சிஸ்டர் அவனைப் புகழப் புகழ, என் வீட்டில் இருந்தவன் வேறு யாரோ என்று தோன்றியது. தூரத்திலிருந்து காட்டினார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான், கன்னத்து வீக்கம் வடிந்திருந்தது. நான் எழுந்து போகப் பார்த்தேன். அவர் என் கையைத் தொட்டார்.

“வேண்டாம் சார். இப்பத்தான் பழகிட்டு வாரான். எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. புதுப் பிள்ளைங்களை வீட்டு ஆளுங்க கொஞ்ச காலத்துக்குப் பார்க்கக் கூடாது. பார்த்தா எல்லாம் முதல்ல இருந்து தொடங்கும். கிறிஸ்துமஸுக்கு வாங்க. புதுச் சட்டை எடுத்துக்கிட்டு வாங்க. தாராளமா கூட்டிக்கிட்டும் போங்க.”

என் வயிற்று விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் இரக்கப்பட்டு உள்ளே விடுவார். நான் போய் நிற்பேன், அவனுக்கு வீட்டு நினைப்பு வரும், கை கன்னத்துக்குப் போகும். பிறகு என்னோடு அனுப்பிவிடுவார்கள், நானும் இல்லாமல் போன பிறகு அவன் அந்த மாடி வீட்டில் தனியாக நிற்பான்.

“கிறிஸ்துமஸுக்கே வாரேன் சிஸ்டர்” என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயை வாங்கிக் கீழே ஊற்றினேன். உள்ளே இறங்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

லீதியாளிடம் இன்று உண்மையைச் சொன்னேன். போனிலேயே ஓவென்று அழுதாள். ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாளாம். அதற்கு ஒரு பை எடுத்துவைக்க வேண்டும்.

மதியம் சமையல்கட்டில் நின்று ஹெப்சியின் ஆல்ட்டோவைப் பாடிப் பார்த்தேன். எத்தனை தடவை காதில் விழுந்தது, ஒரு வரியாவது வராதா என்று. வாயைத் திறந்தால் ராகம்தான் வருகிறது, ஊரெல்லாம் பாடுகிற அந்த முன்வரிசை ராகம். அவள் பாடியது அதற்குக் கீழே எங்கேயோ இருந்தது. நான் கவனித்ததே இல்லை. பல்வலி என்று கேலி பண்ணியது மட்டும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

சாயங்காலம் சிஸ்டர் கூப்பிட்டார். “கவலையே படாதீங்க சார். நல்லா சாப்பிடுதான், நல்லா தூங்குதான். உங்களை ஒரு தடவைகூடத் தேடல.” சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் கேட்க விரும்பிய செய்தியும் அதுதானே. ரொம்ப நன்றி சிஸ்டர் என்றேன்.

“இன்னொண்ணு சார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒரு பிள்ளைக்குப் பிடிச்ச பாட்டை எல்லாரும் சேர்ந்து பாடுவோம். இந்த வாரம் ஆசீர் முறை. அவனுக்கு எந்தப் பாட்டுன்னா உசுரு? அவங்க அம்மா பாடினது ஏதாவது இருந்தாச் சொல்லுங்க, அதையே பாடிருவோம்.”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“எந்தப் பாட்டா இருந்தாலும் சரி, சிஸ்டர்” என்றேன். “அவன் பெட்டியில போட்டு, அவன் கையில குடுத்துருங்க. நீளமா இருக்கணும், அவ்வளவுதான்.”